பிட்டத் தசையை வேலை செய்ய வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் கீழ்முதுகு வலிக்காக ஒரு பிசியோவிடம் போனேன். குப்புறப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் வலது காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "இப்போ கையைப் பின்னால கொண்டுபோய் பிட்டத்தைத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டால் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு மாதிரி மெத்தென்று கிடந்தது. பின்தொடையும் முதுகின் கீழ்ப்பகுதியும் மட்டும் கல்லாக இறுகியிருந்தன. அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் ஜிம்மில் ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) போட்டுக்கொண்டிருந்தவன் நான். அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, ஜிம்மில் கூட வருகிறவர்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

பிட்டத் தசை தூங்கிவிடுகிறது என்கிறார்களே, ஒரு தசை அப்படித் தூங்குமா?

தூங்காது. ஜிம்மில் "உங்க குளூட்ஸ் ஆன் ஆகல" என்பார்கள், குளூட்ஸ் என்றால் பிட்டத் தசைகள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதை "குளூட்டியல் அம்னீஷியா" என்றார், பிட்டத்துக்கு வந்த மறதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு உவமைதான். நரம்பு நன்றாகவே இருக்கிறது, தசையும் இருக்கிறது, நாற்காலியை விட்டு எழுந்தாலே அது கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்கிறது.

நடப்பது வேறு. தொடையைப் பின்னால் நீட்டுகிற வேலைக்கு உடம்பில் பல ஆட்கள் இருக்கிறார்கள்: பிட்டம், பின்தொடை, தொடையின் உள்பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய தசை. எல்லோரும் சேர்ந்தும் கால் போதிய அளவு பின்னால் போகவில்லை என்றால் கீழ்முதுகு வளைந்து மிச்சத்தைச் சரிக்கட்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும் பழகின இரண்டு பேரே ஓடி ஓடிச் செய்வார்களே, அது மாதிரி. அந்த இரண்டு பேர்தான் பின்தொடையும் கீழ்முதுகும், சாயங்காலம் வலிப்பதும் அவர்களுக்குத்தான். நின்றுகொண்டிருக்கிற பெரிய ஆளின் கையில் வாளியைக் கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி.

எந்தத் தசை, எங்கே இருக்கிறது?

மூன்று தசைகள். பெரியது குளூட்டியஸ் மேக்சிமஸ். மனித உடம்பிலேயே பருமனான தசை இதுதான். இடுப்பெலும்பின் பின்பக்கம், திருவெலும்பு, வால் எலும்பு இங்கிருந்தெல்லாம் கிளம்பி, சாய்வாக வெளிப்பக்கம் இறங்கித் தொடை எலும்பிலும் தொடையின் பக்கவாட்டில் ஓடும் பட்டையிலும் போய்ச் சேர்கிறது. இந்தச் சாய்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடையைப் பின்னால் தள்ளுவதோடு அதை வெளிப்பக்கம் திருப்புவதும் இதன் வேலை என்பதற்கு அதுதான் காரணம்.

அதற்கு மேலும் பக்கவாட்டிலும் மீடியஸ், அதன் அடியில் சின்னதாக மினிமஸ். மீடியஸைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, சின்ன வயதில் இடுப்பில் ஊசி போட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொள்வது. பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம்தான் அது (பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகிற சயாட்டிக் நரம்பில் ஊசி படக்கூடாது என்பதற்காகத்தான் அங்கே போடுகிறார்கள்). அங்கே விரலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் காலிலேயே ஒற்றைக்காலில் நில்லுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று திரண்டு எழும்பும், அதுதான்.

என்னுடையது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி 30 வினாடி நில்லுங்கள். எங்கே சூடேறுகிறது? பிட்டத்தில் என்றால் நல்லது. பின்தொடையில் பிடிக்கிறது, அல்லது கீழ்முதுகு இழுக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அப்புறம் கண்ணாடி முன் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். தூக்கிய கால் பக்கத்து இடுப்பு கீழே தொங்கினால், நிற்கிற கால் பக்கத்து மீடியஸ் போதிய அளவு பிடிக்கவில்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பெர்க் 1895-இல் சொன்ன சோதனை இது, இன்றும் எலும்பு மருத்துவர்கள் முதலில் பார்ப்பதில் ஒன்று.

எனக்கு அந்த பிசியோ செய்த குப்புறப் படுக்கும் சோதனை கண்ணைத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் "முதலில் பிட்டம் இறுக வேண்டும், அப்புறம் பின்தொடை, இல்லையென்றால் கோளாறு" என்று வரிசை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வலியே இல்லாத ஆரோக்கியமான ஆட்களிடமும் அந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதுதான் காரணமா?

பெரிய காரணம், ஆனால் அது மட்டுமில்லை. உட்காரும்போது இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கியே கிடக்கும், பிட்டம் நீண்டு, எந்த வேலையும் இல்லாமல் கிடக்கும். பிராகாவில் வேலை செய்த மருத்துவர் விளாடிமிர் ஜாண்டா இதை ஒரு குறுக்குக் கோடாகப் பார்த்தார்: இடுப்பின் முன்பக்கமும் கீழ்முதுகும் இறுகும், வயிறும் பிட்டமும் தளரும். எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் எட்டு மணி நேரம் கணினி முன் இருப்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்தால் அந்தக் கோடு கண்ணில் படுகிறது.

என்னைக் கேட்டால் உட்காருவதைவிட, தாழ்வாக உட்கார்ந்து எழுவதையே விட்டுவிட்டதுதான் பெரிய நஷ்டம். என் அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார், வாசலில் குந்திக் கோலம் போடுவார், குந்துகிற கழிப்பறைதான், தரையில் பாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முழுசாகக் கீழே போய் மேலே வந்திருப்பார்! எனக்கோ கட்டில், நாற்காலி, பைக், மறுபடி நாற்காலி, சோபா. முட்டி உயரத்துக்குக் கீழே இடுப்பு இறங்குகிற சந்தர்ப்பமே என் நாளில் இல்லாமல் இருந்தது.

தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போகிறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். பிட்டத்துக்குப் போதாது. ஹார்வர்டில் டேனியல் லீபர்மனும் கூட இருந்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சமதளத்தில் நடக்கும்போது மேக்சிமஸ் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது, ஓட ஆரம்பித்ததும்தான் நன்றாக இறுகுகிறது என்று காட்டினார்கள். ஓடும்போது உடம்பு முன்னால் குப்புற விழாமல் பிடித்துக்கொள்வதே இந்தத் தசைதான். ஏறுவதும் அதே கதை. கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, பழனியின் 693 படிகளை ஒரு தடவை ஏறுவது பிட்டத்துக்குப் பல மடங்கு வேலை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிரிட்ஜ். யோகா பழகியவர்கள் சேதுபந்தாசனம் என்பார்கள், ஆனால் ஆசனத்தில் நெஞ்சை உயர்த்தி முதுகை வளைப்போம், இங்கே முதுகு வளையவே கூடாது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மல்லாந்து படுங்கள். முட்டியை மடக்கிப் பாதத்தை இடுப்பு அகலத்தில் வையுங்கள். முதலில் தூக்கவே வேண்டாம். வால் எலும்பை உங்கள் முகத்தைப் பார்த்துச் சுருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அடைந்து, முதுகு பாயில் அழுந்தும். இரண்டு கையையும் பிட்டத்துக்கு அடியில் கொடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் இறுக்குங்கள், அவசரமாகப் பேருந்தில் போகும்போது வயிறு கலக்கினால் எப்படி அடக்குவோமோ அப்படியல்ல, அது ஆசனவாய்த் தசை. அதைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கிற பெரிய சதை திரள வேண்டும். கை அதைச் சொல்லும். ஒரு பக்கம் சீக்கிரம் திரளும், இன்னொரு பக்கம் தாமதிக்கும், பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த இறுக்கத்தை விடாமல், குதிகாலால் தரையை அழுத்தி இடுப்பை மெல்லத் தூக்குங்கள். முட்டி, இடுப்பு, தோள் ஒரே கோட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போவது முதுகு. மேலே ஐந்து வினாடி, மூச்சை அடக்காமல், விலா எலும்பு மேலே துருத்தாமல். இறங்கும்போதும் மூன்று வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் தடவை செய்தால் போதும், ஆனால் எட்டும் இப்படி இருக்க வேண்டும். கடகடவென்று முப்பது போடுவதில் பிரயோஜனமில்லை, வேகம் வந்தால் பழகின ஆட்களே மறுபடி வாளியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

முதலில் எடையே இல்லாமல் கவனம் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) செய்பவர்களிடம், ஒரு குறிப்பிட்ட தசையில் மனதை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 60 சதவீதம் வரை, மனதை வைத்த தசை கூடுதலாக வேலை செய்தது. 80 சதவீதத்துக்குப் போனதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. நெஞ்சுத் தசைக்குச் செய்த ஆய்வுதான், ஆனால் என் அனுபவத்தில் பிட்டத்துக்கும் இதேதான்.

பின்தொடை பிடித்துக்கொள்கிறதே?

பாதத்தை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். முட்டி அதிகமாக மடங்கினால் பின்தொடைத் தசை ஏற்கெனவே சுருங்கிவிடும், அதனால் பலமாக இழுக்க முடியாது, வேலை பிட்டத்துக்கு வந்துவிடும். ஒற்றைக்கால் பிரிட்ஜில் முட்டியை 90 பாகைக்குப் பதில் 135 பாகை மடக்கிப் பார்த்த ஆய்வில் பின்தொடையின் வேலை பெருமளவு குறைந்ததாகவே வந்தது. குதிகால் பிட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அப்படியும் பிடித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பிடிப்போடு செய்தால் தப்பான பாடம்தான் பதியும்.

கீழ்முதுகுதான் வலிக்கிறது.

இடுப்பைத் தேவைக்கு மேல் தூக்குகிறீர்கள், அல்லது அந்த வால் எலும்புச் சுருட்டல் பாதியில் விட்டுப்போகிறது. உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதற்கும் வலித்தால் செய்ய வேண்டாம், பிசியோவிடம் காட்டுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் எதுவுமே உணர முடியவில்லை. ஒரு வாரமாகிறது.

எனக்கு இடது பக்கம் பதினெட்டு நாள் ஆனது, அதனால் ஒரு வாரத்தில் மனம் தளராதீர்கள். நான் செய்தது இதுதான்: பல் துலக்கும்போது நின்றபடியே இடது பிட்டத்தை மட்டும் ஐந்து வினாடி இறுக்குவது, விடுவது, கையை மேலே வைத்துக்கொண்டே. தொடுவது முக்கியம். தொட்ட இடத்தில் மனம் நிற்கிறது. சும்மா இறுக்கி விடுவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும், ஆனால் எட்டு வாரம் வெறுமனே பிட்டத்தை இறுக்கியவர்களையும் பிரிட்ஜ் செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டு குழுவுக்கும் வலு கூடியிருந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தபோது, வலது பக்கம் அசையாமல் இடது பக்கம் மட்டும் தனியாகத் திரண்டது. அந்தச் சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. உணர்ச்சி தெரியவில்லை என்றால் தசையே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். சிலருக்கு எடை கூடும்போதுதான் தெரியும். அசைவு சரியாக இருந்து, வலி இல்லாமல், வாரா வாரம் கொஞ்சம் கூட முடிகிறதா, அதையும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கான ரப்பர் பேண்ட் வாங்க வேண்டுமா?

இருந்தால் நல்லது, விலையும் அதிகமில்லை. மீடியஸுக்குத்தான் அது உதவும். ஒருக்களித்துப் படுத்து, முட்டியை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முட்டியைச் சிப்பி மாதிரி திறக்கிற கிளாம்ஷெல் எல்லோருக்கும் தெரியும். அதில் எல்லோரும் செய்கிற தப்பு, முட்டி திறக்கும்போது இடுப்பும் சேர்ந்து பின்னால் உருளுவது. சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துச் செய்து பாருங்கள், எவ்வளவு குறைவாகத்தான் திறக்க முடிகிறது என்று தெரியும். அந்தக் குறைவுதான் சரியான அளவு.

பேண்டைப் போட்டுப் பக்கவாட்டில் நடப்பதாக இருந்தால் முட்டிக்கு மேல் போடுவதைவிடப் பாதத்தைச் சுற்றிப் போடுவது நல்லது. இடுப்பின் முன்பக்க ஓரத்தில் இருக்கிற தசை அதிகம் குறுக்கிடாமல் பிட்டம் கூடுதலாக வேலை செய்வதை மெக்கில் குழுவினரே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஸ்குவாட் போடுகிறேன், தோப்புக்கரணமும் போடுகிறேன். அதிலேயே வராதா?

வரும், ஆனால் எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முட்டியை மட்டும் முன்னால் தள்ளிப் பாதி தூரம் இறங்கி எழுந்தால் வேலை முன்தொடைக்கு. இடுப்பு பின்னால் போய், தொடை தரைக்கு இணையாகவாவது இறங்கி, எழும்போது முழு நீளத்துக்கு நிமிர்ந்தால் பிட்டத்துக்கு. தோப்புக்கரணத்தில் நன்றாகக் கீழே போய் வருகிறோம், அது பெரிய பலம். எழும்போது பாதத்தால் தரையை இரண்டு பக்கமும் பிளப்பது மாதிரி லேசாக வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். நான் சொன்ன அந்தச் சாய்வு இழைகள் அப்போது விழித்துக்கொள்ளும்.

ஆனால் எனக்கு ஸ்குவாட்டைவிட ஹிஞ்ச்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது பின்னால் இருக்கிற கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான் ஹிஞ்ச். முட்டி லேசாக மடங்கும், முதுகு நேராக இருக்கும், இடுப்பு மட்டும் பின்னால் போகும். குனிந்து வாளி தூக்குவதிலிருந்து, தரையில் இருக்கிற கனமான எடையைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் வரை எல்லாமே இதுதான். சுவருக்கு ஒரு அடி முன்னால் திரும்பி நின்று, பிட்டம் சுவரைத் தொடும்வரை பின்னால் தள்ளி, இறுக்கிக்கொண்டு நிமிருங்கள். பத்து தடவை. தொட முடிந்ததும் அரை அடி முன்னால் நகருங்கள்.

மாடிப்படியில் எப்படி ஏறினால் பயன்?

முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள், நுனிப்பாதத்தில் ஏறினால் கெண்டைக்கால் எடுத்துக்கொள்ளும். உடம்பை லேசாக முன்னால் சாயுங்கள். கீழே இருக்கிற காலால் உந்தாமல், மேலே வைத்த காலின் குதிகாலை அழுத்தியே எழுங்கள். இந்தக் கடைசி விஷயம்தான் உயிர். பிட்டத்துக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளை மின்முனை ஒட்டி அளந்து ஒப்பிட்டதில், படியில் ஏறுவது மாதிரியான ஸ்டெப்-அப் வகைகள் மேல் வரிசையில் நிற்கின்றன. ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் நான் தினமும் இதைச் செய்கிறேன், கூட்டமில்லாத நேரத்தில் இரண்டிரண்டு படியாக.

எத்தனை நாளில் தெரியும், எவ்வளவு செய்ய வேண்டும்?

கற்றுக்கொள்கிற கட்டத்தில் தினமும் பத்து நிமிடம். எடையில்லாத பயிற்சி என்பதால் தினமும் செய்யலாம். எடை சேர்த்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவே ஓய்வு. முதல் சில வாரம் கூடுகிற வலு பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது, தசை பருக்க அதற்கு மேலும் காலம் பிடிக்கும்.

பின்பக்கம் பெரிதாகிவிடுமா?

பெண்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பிரிட்ஜும் கிளாம்ஷெல்லும் செய்து யாருக்கும் பெரிதாவதில்லை. பெரிதாக்க வேண்டும் என்பவர்களே மாதக்கணக்கில் கனமான எடையும் நிறையச் சாப்பாடும் போட்டுப் பாடுபடுகிறார்கள்.

அறுபது வயதுக்கு மேல் செய்யலாமா?

அவர்கள்தான் முதலில் செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, நேராக நின்று பிட்டத்தை இறுக்கி, மெதுவாக உட்காருவது. அவ்வளவுதான். உயரம் கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவதையும் சேர்த்தால், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற நடை கொஞ்சம் நேராகும், தடுமாறினால் சமாளிக்கவும் முடியும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வலி பிட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், நடக்கும்போது முன்பாதம் தொங்கித் தரையில் இடித்தால், ஒரு பக்கத்துத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தால் போய்விடுங்கள். இது பழக்கக் கோளாறு இல்லை, நரம்பாக இருக்கலாம். உட்காருமிடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இவை வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

பிரிட்ஜ் இப்போது ரொம்ப சுலபமாக இருக்கிறது. அடுத்து என்ன?

எடை. நிறையப் பேர் இங்கேதான் நின்றுபோகிறார்கள். வருடக்கணக்காகப் பேண்டும் கிளாம்ஷெல்லுமாகவே இருப்பார்கள், அதில் கற்றதைக் கனத்துக்குக் கொண்டுபோவதில்லை. எடையில்லாத பயிற்சி தசையோடு அறிமுகப்படுத்தி வைக்கும், ஓரளவுக்கு மேல் வலுவாக்காது. முதலில் ஒற்றைக்கால் பிரிட்ஜ். ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு தடவை இடுப்பு சாயாமல் வந்ததும் ஹிப் த்ரஸ்ட்: முதுகின் மேல்பகுதியைக் கட்டில் ஓரத்திலோ பெஞ்சிலோ சாய்த்து, இடுப்பின்மேல் எடை வைத்துத் தூக்குவது. கட்டில் நகராமல் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். ஜிம் போகாதவர்கள் துண்டை நாலாக மடித்து இடுப்பில் போட்டு, அதன்மேல் 10 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், நாலு மாதத்தில் 26 கிலோ மூட்டைக்கு வந்தேன். மேலே வந்ததும் ஒரு கையை எடுத்துப் பிட்டத்தின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கிறது.